தண்ணீரை இறக்கிவிட்டுப் போன படகு

புளியோதரை ஊசாது. கல்கத்தாவில் இருக்கிற தமிழர்கள் நாங்கள் லேசில் எதற்கும் ஒத்துப்போக மாட்டோம். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் நாற்காலி பறக்காத குறைதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் சண்டையே கிடையாது. ஹவுரா ரயிலில் வந்து போய்ப் பழகியவர்கள் இல்லையா? நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, வாழையிலையில் கட்டிக்கொண்டால் சென்னையில் ஏறியவர் ஹவுராவில் இறங்குகிறவரை சோறு கெடாது. அதனால் புயல் அடித்து ஓய்ந்து, தீவுப் பக்கம் கரையுடைந்து ஜனங்கள் வீடு வாசல் இல்லாமல் நிற்கிறார்கள் என்று தெரிந்தபோது, என்ன சமைப்பது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

கீழ்வீட்டு வங்காளிப் பெண்மணி மட்டும், "கிச்சுடி பண்ணலாமே, இங்கே அதைத்தானே கொடுப்பார்கள்" என்றார். அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைக்கிற சோறு அது. எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். "கிச்சுடி மத்தியானத்துக்குள்ள ஊசிப் போயிரும்க்கா. நமக்குப் போய்ச் சேரவே பொழுதாயிரும். நம்ம சோறுன்னா ரெண்டு நாளைக்கு அசையாது" என்றார். நானும் பலமாகத் தலையாட்டினேன். எங்கள் லேக் கார்டன்ஸில் பாதித் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. சந்துகளில் முழங்கால் தண்ணீர். விழுந்து கிடந்த வாழைகளில் இருந்து இலை மட்டும் வேண்டிய மட்டும் கிடைத்தது. சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன்கள் நாலைந்து பேர் பைக்கில் வந்து பொட்டலம் கட்ட உட்கார்ந்தார்கள். ஒருவனுக்கு இலையை மடிக்கவே தெரியவில்லை. "உங்கம்மா உனக்குக் கட்டிக் குடுத்ததே இல்லையாடா?" என்றேன். "கட்டித்தான் குடுத்தாங்க ஆன்ட்டி, நான் பிரிக்கத்தான் பழகியிருக்கேன்" என்றான். சிரித்தோம். அன்றைக்குக் காலையில் சிரித்தோம் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

சிரிக்காதவள் ஒருத்திதான். என் வீட்டில் சமையலுக்கும் அண்ணாச்சி கடையில் மாவரைக்கவும் வருகிறவள். அந்தத் தீவுகளில் ஒன்றுதான் அவள் ஊர். ரயில் பாதையோரக் குடிசையில் தங்கி வேலை பார்த்துவிட்டு, ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் மகனைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரே பையன். பள்ளிக்கூடத்தில் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனை அவளுடைய ஓரகத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். புயல் வந்தபோது இவள் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். ரயிலும் இல்லை, ஊரில் யாருக்கும் போனும் போகவில்லை. தினமும் வேலைக்கு வந்தாள், வந்து கையில் எடுத்ததையெல்லாம் போட்டு உடைத்தாள். நாங்கள் போகிறோம் என்றதும், "பௌதி, என்னையும் கூட்டிட்டுப் போங்க. எனக்குச் சோறு வேண்டாம், துணி வேண்டாம். என் பிள்ளையை என் கண்ணால பாக்கணும்" என்றாள். பௌதி என்றால் அண்ணி. இருபது வருஷமாக இந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர். சோற்று மூட்டைகளையும் தண்ணீர்க் கேன்களையும் ஏற்றிய வண்டியில் முதலில் ஏறி உட்கார்ந்தவள் அவள்தான்.

ஊரைத் தாண்டுவதற்குள் அவள் புருஷன் என் போனுக்குக் கூப்பிட்டுவிட்டான். அவள் போனில் சார்ஜ் இல்லை. எனக்கு வங்காளம் நன்றாகவே வரும், ஆனால் அவன் என்னோடு அதில் பேச மாட்டான். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட தமிழை விட அவனுக்கு மனசில்லை. "அக்கா, நானுங்க. கிளம்பிட்டீங்களா? லீவு கேட்டுட்டேனுங்க, ரயில்தான் இல்லீங்க. பையனைக் கண்ணுல பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதுமுங்க." சொல்கிறேன் தம்பி, கட்டாயம் சொல்கிறேன் என்றேன். போனை அவளிடம் கொடுத்தேன்.  அவன் மூச்சு விடுவதை இவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

வழியெல்லாம் மரம். வெட்டி ஒதுக்கிய இடத்தில் ஊர்ந்து, ஒதுக்காத இடத்தில் சுற்றி, பையன்கள் இறங்கித் தள்ளி, படகுத்துறைக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கேயும் ஜனம். அவர்களுக்கும் கொஞ்சம் பொட்டலம் கொடுத்தோம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அவள் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவரை அவள் தாதா என்பாள், அண்ணன் என்று அர்த்தம். "தாதா, எல்லாத்தையும் இங்கேயே குடுத்துடாதீங்க. உள்ளே யாரும் போகலை. ரோட்டோரம் இருக்கறவங்களுக்காவது யாராச்சும் குடுப்பாங்க."

கிடைத்தது ஒரே ஒரு மோட்டார் படகு. படகுக்காரர் எங்கள் சாமானைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், முடியாது என்றார். புயலுக்கு அப்புறம் அந்தப் பக்கம் அவர் போகவில்லை, ஆற்றின் போக்கும் பிடிபடவில்லை, இவ்வளவு பாரம் ஏற்ற மாட்டேன் என்றார். சோற்று மூட்டைகளை ஏற்றினால் தண்ணீர்க் கேன்களை இறக்க வேண்டும். தண்ணீரை ஏற்றினால் சோற்றில் பாதியை இறக்க வேண்டும்.

அண்ணாச்சி இரண்டு தடவை யோசிக்கவில்லை. அவர் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு லாரி வரும் நாளைக் காத்துக்கிடந்து வளர்ந்தவர். வங்காளத்துக்கு வந்த முதல் நாள் ரயில் ஜன்னலில் குளம் குளமாகப் பார்த்துவிட்டு, இந்த ஊர்க்காரன் தண்ணியிலயே பொறந்தவன் என்று ஊருக்குச் சொன்னவர். "தண்ணிக்கா பஞ்சம் இந்த ஊர்ல? எட்டின பக்கமெல்லாம் குளம். வீட்டுக்கு வீடு அடிபம்பு. சோறுதான் கிடைக்காது. கேனை இறக்குங்கடே" என்றார். எங்களில் ஒருத்தருக்கும் மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. நாங்கள் எல்லாருமே வறண்ட ஊர்க்காரர்கள். நாங்கள் எங்கே போனாலும் முதலில் கண்ணில் படுவது தண்ணீர்தான். அவளும் சொன்னாள்: "எங்க அடிபம்பு மேட்டுல இருக்கு தாதா. எந்தப் புயல்லயும் முங்கினதில்லை. தண்ணி இளநீர் மாதிரி இருக்கும்." கேன்களைத் துறையில் இருந்த டீக்கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

தீவு கண்ணில் பட்டதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். படகுக்காரர் உட்காரச் சொல்லித் திட்டினார். அவள் உட்காரவில்லை. எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு நீளமான மண்கரை, அதன்மேல் மனிதர்கள், மாடுகள், தார்ப்பாய், பாய்ச்சுருள். கரைக்கு இந்தப் பக்கம் ஆறு. அந்தப் பக்கம் ஊர் இருக்க வேண்டும். அந்தப் பக்கமும் தண்ணீர்தான். கூரைகள் மட்டும் தெரிந்தன. "மேடு எங்கே?" என்று நான் கேட்டேன்.  அவள் கையை நீட்டினாள். அவள் காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

படகு ஒட்டுமுன்னே அவள் குதித்துச் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். மகன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே கரைமேல் ஓடினாள். நாங்கள் மூட்டைகளை இறக்கிப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தோம். பிடுங்குவார்கள், தள்ளுமுள்ளு நடக்கும் என்று பயந்திருந்தேன். ஒருத்தர்கூடப் பிடுங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டினார்கள். எழுந்திருக்கத் தெம்பில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இலையைப் பிரித்து ஒரு வாய் வைத்ததும் ஒரு கிழவர், "டொக்" என்று முகத்தைச் சுளித்துச் சிரித்தார். புளிப்பாம். புளிப்பென்றாலும் விடவில்லை. கரை முழுக்க ஜனங்கள் சாப்பிட்டார்கள். அண்ணாச்சி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். அவர் கண் கலங்கியது. "பாத்தீங்களாக்கா, என்னமா சாப்பிடுதாங்க" என்றார்.

பொட்டலம் கொடுத்தபடியே நான் கரையின் கோடிக்குப் போனபோது அவள் இருந்தாள். மடியில் பையன். எங்களை முந்திக்கொண்டு எங்கள் பையன்களில் ஒருவன் அங்கே போயிருக்கிறான். ஓரகத்தி பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு நாளாக ஒன்றும் தின்னாத பிள்ளை என்று அவனுக்கு முதலில் ஊட்டியிருக்கிறாள். அவனும் அள்ளி அள்ளித் தின்றிருக்கிறான். உதட்டில் மஞ்சளும் எண்ணெயும் இருந்தன. அதன் நடுவில் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன், "மா, ஜொல்" என்றான். அம்மா, தண்ணீர்.

அவள் ஓரகத்தியைப் பார்த்தாள். ஓரகத்தி தலையை ஆட்டினாள். அடிபம்பு கரையுடைந்த அன்றைக்கே போய்விட்டது. குளத்தில் கடல் ஏறிவிட்டது. விழுந்த மரத்து இளநீரைப் பங்கு போட்டுக் குடித்தார்கள், அதுவும் முந்தாநாளோடு முடிந்தது. பிள்ளைகள் சொல்பேச்சுக் கேட்காமல் உப்புத் தண்ணியைக் குடித்துவிட்டு வயிற்றால் போகிறார்கள். இவனுக்கு முந்தாநாளிலிருந்து போகிறது. இதையெல்லாம் ஓரகத்தி சத்தமே போடாமல் சொன்னாள்.  நான் திரும்பிக் கரையைப் பார்த்தேன். உப்புத் தூக்கலாகப் போட்ட சோற்றை அத்தனை பேரும் தின்று முடித்திருந்தார்கள். இப்போது எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தார்ப்பாயிலிருந்தும் அதே வார்த்தை. ஜொல். ஜொல் ஆச்சே? தண்ணீர் இருக்கிறதா?

அண்ணாச்சி இறங்கிப் போய்க் கரையோரத் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். துப்பினார். மறுபடி அள்ளி விட்டுப் பார்த்தார். 

எங்கள் கைப்பைகளிலும் பையன்களின் முதுகுப் பைகளிலும் இருந்த பாட்டில்கள்தான் மிச்சம். ஆளுக்கு ஒன்று, அதுவும் வழியில் குடித்தது போக. பையன்கள் அதை எடுத்துக்கொண்டு குழந்தைகள் இருக்கிற பக்கம் ஓடினார்கள். என்னிடம் அரை பாட்டில் இருந்தது. அதை அவளிடம் கொடுத்தேன். அவள் மூடியில் ஊற்றி ஊற்றி மகனுக்குக் கொடுத்தாள். நாலு மூடி குடித்தான். ஐந்தாவதை வாந்தி எடுத்தான், சோறும் சேர்ந்து வந்தது. பக்கத்துத் தார்ப்பாயில் இருந்த பெண் ஒன்றும் கேட்காமல் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். இவள் பாட்டிலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். அந்தப் பெண்ணும் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன், யாருக்கும் வரவில்லை. பெற்ற வயிறு. என்னால் அவளை ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, இன்றுவரை சொல்லவும் மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே பாட்டிலை வெளியே எடுத்தாள். ஓரகத்தியின் மகளுக்கு ஒரு மூடி, அந்தப் பெண்ணின் குழந்தைக்கு ஒரு மூடி. முழு மூடிக்கும் குறைவாகவே விழுந்தது.

"போய்க் கேனைத் தூக்கிட்டு வாங்க, உடனே போங்க" என்று அண்ணாச்சி படகுக்காரரைப் பிடித்துத் தள்ளினார். படகுக்காரர் ஆற்றைக் காட்டினார். கடல் ஏற்றத்தில் ஏறியிருந்த நீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. போகலாம், திரும்பி வந்து கரையில் ஒட்ட முடியாது, சேற்றில் தரைதட்டும். மறுபடி நீர் ஏறும்போது இருட்டிவிடும், நாளைக் காலையில்தான் முடியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணாச்சியை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். "லாரித் தண்ணி குடிச்சு வளந்தவருக்குமா தெரியல?" என்றேன்.  "நீங்களும்தானேக்கா நின்னீங்க" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கிடைத்த வழி ஒன்றுதான். சோறு இறங்கிய படகு காலி. முடியாத பிள்ளைகளையும் அவர்கள் தாய்மாரையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவது. "இத்தனை பேர் கூடாது" என்றார் படகுக்காரர். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன, ஏத்துங்க" என்றார் அண்ணாச்சி. தமிழிலேயே சொன்னார், படகுக்காரருக்குப் புரிந்தது. பையன்களில் மூன்று பேர், நாங்கள் காலையில் வருகிறோம் என்று கரையிலேயே நின்றுகொண்டு தங்கள் இடத்தைக் கொடுத்தார்கள். இலையை மடிக்கத் தெரியாதவனும் நின்றான். ஓரகத்தி தன் மகளை எங்களோடு ஏற்றிவிட்டுத் தான் ஏறவில்லை. மாடு இருக்கிறது, மாமியார் இருக்கிறாள் என்றாள்.

படகில் அவள் பையனோடு பேசிக்கொண்டே வந்தாள். அப்பா வருகிறார், ரயில் விட்டதும் வந்துவிடுவார், திருப்பூரிலிருந்து சிவப்பு பனியன் கொண்டுவருவார் என்றாள். அவன் முதலில் உம் கொட்டினான். பிறகு அவள் மட்டும் பேசினாள். நான் அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெயிலிலும் பாதம் சில்லென்றிருந்தது.

துறையில் டீக்கடைக்காரர் கேன்களை ஒரு சொட்டுக் குறையாமல் காவல் காத்து வைத்திருந்தார். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து குடித்தார்கள். மெதுவாக, மெதுவாக என்று தாய்மார்கள் பிடித்துப் பிடித்துக் கொடுத்தார்கள். உப்பும் சர்க்கரையும் டீக்கடையிலேயே வாங்கிக் கலந்து இவன் வாயில் விட்டோம். கடைவாயில் வழிந்தது. விழுங்கவில்லை. அவள் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். மறுபடி வழிந்தது. கேனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை தண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரி இருக்கும் சிற்றூருக்கு எங்கள் வண்டியிலேயே தூக்கிக்கொண்டு போனோம். வராந்தா முழுக்கக் குழந்தைகள். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், கண் சிவந்து நின்றபடியே வேலை செய்துகொண்டிருந்தாள். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. கையில் பார்த்தாள், காலில் பார்த்தாள், நெற்றியில் பார்த்தாள். "எத்தனை நாளா வயித்தால போகுது? கடைசியா என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டாள். நானும் அண்ணாச்சியும் அங்கேதான் நின்றோம்.  பிள்ளையைப் பெற்றவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பசியா இருந்தான், கொஞ்சம் சோறு சாப்பிட்டான்" என்றாள். டாக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் முயற்சி செய்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, தாயின் தோளைத் தொட்டாள்.

பையன் போய்விட்டான். அவள் அழவில்லை. முந்தானையை நனைத்து அவன் வாயைச் சுற்றியிருந்த மஞ்சளைத் துடைத்தாள். காதுக்குப் பின்னால், விரலிடுக்கில், ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் தோள் குலுங்கியது. அவரிடம் போக எனக்குத் தெம்பில்லை.

அந்த ஊரில் சிக்னல் இருந்தது. என் போன் அடித்தது. அவள் புருஷன்தான். அவள் திரையைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைப் பையன்மேல் கவிழ்த்துக்கொண்டாள். அடித்து நின்று மறுபடி அடித்தது. நான் எடுத்தேன்.

"அக்கா, காலையிலருந்து கூப்புடறனுங்க. பாத்தீங்களா?"

"பாத்தோம்பா."

"உசுரோட இருக்கானுங்களா, அத முதல்ல சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவன் அப்படிக் கேட்கவில்லை. பார்த்தோம் என்றதுமே அவனுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. "சாப்டானுங்களா அக்கா?" என்று கேட்டான்.

"சாப்டான்" என்றேன். வேறென்ன சொல்வேன்? அது உண்மை.

"என்ன சாப்டானுங்க?"

"புளிசாதம்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் தடுத்திருக்க வேண்டும். "நம்ம புளிசாதமுங்களா? இங்க வந்த புதுசுல நானும் அதைத்தானுங்க சாப்டேன். பரவால்லீங்க, பையன் பழகிக்குவான்" என்றான். பிறகு போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு அறையில் இருந்தவர்களிடம் வங்காளத்தில் உரக்கச் சொன்னான்: சாப்பிட்டானாம், என் பையன் சாப்பிட்டானாம். அங்கே நாலைந்து பேர் ஒரே சமயத்தில் பேசுகிற சத்தம் கேட்டது. யாரோ கை தட்டினார்கள்.

அவன் மறுபடி போனுக்கு வரும்வரை காத்திருந்தேன்.

"தம்பி, உங்க ரூம்ல பெரியவர் யாராச்சும் இருந்தா போனை அவர்கிட்ட குடுப்பா" என்றேன்.

"இருக்காருங்க" என்றான். உடனே கொடுக்கவில்லை. "எதுக்குங்க அக்கா?" என்று கேட்டான்.